சாயாத கோபுரம், கெடாத கல்: ஐரோப்பியக் கட்டடங்களைப் படமெடுக்கவும் திருத்தவும் முழுமையான வழிகாட்டி

ஐரோப்பா போய் வந்தவர்களின் படங்களில் ஒரு தேவாலயமாவது மல்லாக்கச் சாய்ந்திருக்கும். கோபுரம் மேலே போகப்போகக் குறுகும், வானம் வெளிறிக் கிடக்கும், அடியில் ஒரு திருவிழாக் கூட்டமே நிற்கும். ஊருக்கு வந்து லைட்ரூமைத் திறந்து நாலு பொத்தானை அழுத்தினால் கோபுரம் நிமிர்ந்துவிடும், வானம் நீலமாகிவிடும், ஆட்கள் காணாமல் போவார்கள். கூடவே எழுநூறு வருடக் கல்லும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடும். நிமிர்த்துவதும் கெடுப்பதும் ஒரே மென்பொருள்தான். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாததுதான் சிக்கல்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. கேமரா செய்த தவறைத் திருத்தலாம். அந்த நேரத்தில் குறுக்கே வந்ததை நீக்கலாம். கட்டியவர் செய்ததையும் காலம் செய்ததையும் தொடக்கூடாது. எந்த ஸ்லைடரில் கைவைத்தாலும் 'இது யார் வேலை?' என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் பாதிக் கெடுதல் நின்றுவிடும்.

எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தை வைத்துச் சொல்கிறேன்: ஜெர்மனியின் கொலோன் பேராலயம். கட்டடப் படத்தில் வரக்கூடிய தொல்லைகள் அத்தனையும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. 157 மீட்டர் உயரம், பின்னால் நகர இடம் தராத சதுக்கம், கறுத்துப்போன கல், எப்போதும் எங்காவது ஒரு மூலையில் சாரம், மங்கலான உள்புறம், ஒட்டினாற்போல் மத்திய ரயில் நிலையம் என்பதால் ஓயாத கூட்டம். இதைச் சமாளித்தவர் பாரிஸ், பிராக், பார்சலோனா எங்கும் சமாளிப்பார்.

படி 1: திசையைப் பாருங்கள்

பழைய ஐரோப்பியத் தேவாலயங்களில் பலிபீடம் பெரும்பாலும் கிழக்கில் இருக்கும். அப்படியானால் வாசலும் இரட்டைக் கோபுரமும் கொண்ட முகப்பு மேற்கே பார்க்கும். கொலோன், பாரிஸ் நோத்ர தாம், சார்த்ர், ரூவான் எல்லாம் இந்த வகை. சுற்றுலா நிறுவனங்கள் காலை ஒன்பது மணிக்குக் கூட்டிப்போய் முகப்பின் முன் இறக்கிவிடும்போது சூரியன் கட்டடத்தின் பின்னால் இருக்கும். முகப்பு நிழலில், வானம் வெள்ளையாக. எந்த மென்பொருளாலும் அந்தப் படத்துக்கு உயிர் கொடுக்க முடியாது. மேற்கு முகப்புக்குப் பிற்பகல்தான் நேரம். காலை வெளிச்சம் கிழக்கு முனைக்கு, அதாவது கொலோனில் ரைன் ஆற்றைப் பார்த்த பக்கத்துக்கு. தெற்குச் சுவருக்குப் பகல் முழுக்க வெயில் கிடைக்கும். ரயில் நிலையம் இருக்கும் வடக்குச் சுவர் பெரும்பாலும் நிழல்தான். ரோம் நகரின் புனித பேதுரு பேராலயம் இதற்கு நேர் எதிர். அதன் முகப்பு கிழக்கே பார்க்கிறது, காலையில் போக வேண்டும். ஆகவே புறப்படுமுன் வரைபடத்தில் திசையைப் பார்த்துவிடுங்கள்.

வெயில் மாறினால் கட்டடமே மாறும் என்பதற்கு ரூவான் பேராலயத்தைவிடச் சாட்சி வேண்டாம். 1890களில் ஓவியர் மோனே அந்தப் பேராலயத்தை, பெரும்பாலும் அதன் மேற்கு முகப்பை, சுமார் 30 தடவை வரைந்தார்.

கொலோனின் கல் புகைக்கரியாலும் அமில மழையாலும் கறுத்தது. உச்சி வெயிலில் அது கறுப்பும் வெள்ளையுமாக வெட்டுப்பட்டு நிற்கும். மெல்லிய மேகம் மூடிய பிற்பகலில்தான் மாடங்களுக்குள் இருக்கும் சிலைகள் வரை விவரம் தெரியும். 'மேகமூட்டமா, படம் போச்சு' என்பவர்கள் கோதிக் கட்டடத்தை, அதாவது கூர்வளைவும் உயர்கோபுரமும் கொண்ட இடைக்கால ஐரோப்பியப் பாணியை, இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

இன்னொரு நேரம், சூரியன் மறைந்த பிறகு வானம் அடர்நீலமாகும் பொழுது. கொலோன் வடக்கே 51 பாகை அட்சரேகையை ஒட்டியிருக்கிறது. ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு மணி பத்தை நெருங்கும், டிசம்பரில் மாலை நாலரைக்கே மறைந்துவிடும். ஆண்டு முழுக்க ஆறு மணியை ஒட்டியே பொழுது சாயும் சென்னைக்காரருக்கு இது பழக வேண்டிய கணக்கு. நல்ல பக்கமும் உண்டு. நம் ஊரில் அந்திவெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான், அங்கே கோடையில் 40 நிமிடத்தைத் தாண்டும். ஆற்றுக்கு அக்கரையில் டாய்ட்ஸ் பக்கம், ஹோஹென்ஸோலர்ன் பாலத்துக்குச் சற்றுத் தெற்கே நின்றால் பாலத்தின் இரும்பு வளைவுகளும் கோபுரங்களும் ஒன்றாகக் கிடைக்கும். எல்லோரும் எடுக்கிற படம்தான், ஆனாலும் எடுங்கள்.

படி 2: எவ்வளவு தூரத்தில் நிற்பது

கோபுரம் ஏன் சாய்கிறது? கேமராவை மேல்நோக்கித் தூக்குவதால். சென்சார் சுவருக்கு இணையாக இருக்கும்வரை செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே விழும். தூக்கிய கணத்திலிருந்து அவை உச்சியை நோக்கிக் கூடத் தொடங்கும். அப்படியானால் கேமராவைச் சமமாக வைத்துக்கொண்டே உச்சிவரை பிடிக்க எவ்வளவு தூரம் போக வேண்டும்?

முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவை நெடுக்காகப் பிடித்தால் சென்சாரின் உயரம் 36 மி.மீ. சமமாக வைக்கும்போது அடிவானம் நடுவில் வரும், கட்டடத்துக்குக் கிடைப்பது மேல்பாதி 18 மி.மீ. மட்டும். 24 மி.மீ. லென்ஸ் என்றால் 157 மீட்டர் கோபுரத்துக்கு 200 மீட்டருக்குச் சற்று மேலே தள்ளி நிற்க வேண்டும். 17 மி.மீ. என்றால் சுமார் 147 மீட்டர். கைப்பேசியின் அகலக் கோண லென்ஸ் 13 மி.மீ.க்குச் சமம் என்று வைத்தால் சுமார் 115 மீட்டர். மேற்குச் சதுக்கத்தில் 200 மீட்டர் பின்னால் போனால் எதிர்க் கட்டடத்துக்குள் நிற்பீர்கள்.

இருக்கும் வழிகள் நாலு. முதலாவது, ஷிஃப்ட் லென்ஸ். கேமரா அசையாமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸை 12 மி.மீ. உயர்த்தினால் தேவையான தூரம் 124 மீட்டராகக் குறையும். கட்டடப் படமே தொழிலாகக் கொண்டவர்கள் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். விலை அதிகம், சுற்றுலா போகிறவருக்கு வாடகை போதும்.

இரண்டாவது, ஏழைகளின் ஷிஃப்ட் லென்ஸ். இருப்பதிலேயே அகலமான லென்ஸைப் போட்டு, கேமராவைச் சமமாக வைத்து, கீழ்ப்பாதியில் வரும் தரையை அப்படியே வெட்டி எறிவது. பிக்சல் பாதி போகும். ஆனால் கோடுகள் நேராக இருக்கும், எதையும் இழுத்து நீட்ட வேண்டியதில்லை. கைப்பேசிக்காரர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

மூன்றாவது, கேமராவைத் தூக்கி எடுத்துவிட்டுப் பிறகு நிமிர்த்துவது. பெரும்பாலோர் செய்வது இதுதான். செய்வதானால் இருபக்கமும் தாராளமாக இடம் விடுங்கள். நிமிர்த்தும்போது கீழ் மூலைகளில் வெற்று முக்கோணங்கள் வரும், அவற்றை வெட்டினால் மேலே இருபுறமும் இருந்தது போய்விடும். கோபுரத்தைச் சட்டம் முழுக்க நிரப்பி எடுத்தவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

நான்காவது, நிமிர்த்தும் எண்ணத்தையே விட்டுவிட்டு வாசலடியில் போய் நின்று கேமராவை நேர் மேலே திருப்புவது. அப்போது கோடுகள் கூடுவதுதான் படம். பாதி சாய்ந்தது தவறாகத் தெரியும், முழுக்கச் சாய்ந்தது தீர்மானமாகத் தெரியும்.

இன்னொரு சோதனை. கொலோனின் வடக்குக் கோபுரம் தெற்கைவிட 7 செ.மீ. மட்டுமே உயரம். உங்கள் படத்தில் ஒன்று கண்ணுக்குத் தெரியும்படி உயர்ந்திருந்தால் நீங்கள் நடு அச்சில் நிற்கவில்லை. பிரதான வாசலின் நடுத்தூணுக்கு நேரே வந்து, இரு கோபுரங்களின் உள்விளிம்புகளும் ஒரே அளவு தெரிகிறதா என்று பார்த்து நில்லுங்கள். ஒரு தப்படி நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும்.

படி 3: வெளிப்புறத்துக்கான அமைப்பு

இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ரா ஃபைலில் எடுங்கள். ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப் 8. எஃப் 16ஐத் தாண்டினால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்‌ஷன்) நுண்விவரம் மங்கும், கல் வேலைப்பாட்டில் அது உடனே தெரியும். திரையில் கட்டக் கோடுகளையும் மின்னணு மட்டத்தையும் போட்டுக்கொள்ளுங்கள். கறுத்த கல்லும் வெளிறிய வானமும் ஒரே சட்டத்தில் வருவதால் சரியான ஒளியளவில் ஒன்று, இரண்டு நிறுத்தம் (ஸ்டாப், ஒவ்வொன்றும் ஒளியைப் பாதியாக்கும் அல்லது இரட்டிக்கும் படி) குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று என மூன்று எடுத்துவையுங்கள். பிறகு ஒன்றே போதும் என்று தோன்றினால் நல்லது. தேவைப்பட்டபோது இல்லை என்றால் திரும்பிப் போக முடியாது.

படி 4: உள்ளே

முதலில் வாசலில் உள்ள அறிவிப்பைப் படியுங்கள். ஃபிளாஷும் ட்ரைபாடும் பல தேவாலயங்களில் கூடாது. வழிபாடு நடக்கும்போது படமெடுப்பது எங்குமே முறையல்ல. வாடிகனின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் படமே எடுக்கக்கூடாது.

கொலோனின் நடுக்கூடம் 43 மீட்டர் உயரம். அந்த மங்கல் வெளிச்சத்தில் ட்ரைபாட் இல்லாமல் எடுக்க ஐஎஸ்ஓவை 1600 முதல் 3200 வரை கூட்டுங்கள். தூணில் சாய்ந்துகொண்டு, மூச்சை அடக்கி, தொடர்ச்சியாக ஆறேழு படம் சொடுக்குங்கள். ஒன்றிரண்டு கூர்மையாக வரும். பெஞ்சின் மேல் கேமராவை மல்லாக்க வைத்து, சுயநேரக் கருவியில் கூரையை எடுப்பது பழைய தந்திரம். அதில் ஐஎஸ்ஓ 100இலேயே நாலைந்து விநாடி திறந்துவைக்கலாம். பெஞ்சில் யாரும் இல்லாதபோது மட்டும்.

வண்ணக் கண்ணாடிச் சன்னல்தான் உள்ளே பெரிய சோதனை. கண்ணாடிக்கு ஒளி அளந்தால் கல் முழுக்க இருட்டு, கல்லுக்கு அளந்தால் கண்ணாடி வெள்ளை. கண்ணாடிக்கே அளந்து எடுங்கள். இருட்டைப் பிறகு ஓரளவு தூக்கலாம், வெளுத்துப்போன கண்ணாடியில் மீட்க ஒன்றும் இருக்காது. கொலோனின் தெற்குக் குறுக்குக் கையில் (சிலுவை வடிவக் கட்டடத்தின் பக்கச் சிறகில்) 2007இல் பொருத்தப்பட்ட, ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் சன்னல் இருக்கிறது. 72 நிறங்களில் 11,000க்கு மேற்பட்ட சதுரக் கண்ணாடிகள். தெற்கே பார்ப்பதால் வெயில் நாளில் அதன் நிறங்கள் தரையிலும் தூணிலும் கொட்டிக் கிடக்கும். அந்தத் தரையை எடுங்கள், சன்னலைவிட நன்றாக வரும். பார்சலோனாவின் சக்ராடா ஃபமீலியாவில் இதையே திட்டமிட்டுச் செய்திருக்கிறார்கள். காலையில் கிழக்குப் பக்கம் நீலமும் பச்சையும், மாலையில் மேற்குப் பக்கம் ஆரஞ்சும் சிவப்பும்.

ஒரு எச்சரிக்கை. கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை இந்த நிறத்தையெல்லாம் 'பிழை' என்று நினைத்துக் கழுவிவிடும். பகல்வெளிச்ச அமைப்பில் பூட்டிவையுங்கள்.

படி 5: கூட்டத்தை நீக்குவது, ஆனால் அழிக்காமல்

1838இல் ஒளிப்பட முன்னோடி டாகேர் பாரிஸின் பூல்வார் து தாம்பிள் சாலையைப் படமெடுத்தார். பரபரப்பான சாலை, ஆனால் படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. தகடு பதிய நிமிடக்கணக்கில் ஆனதால் நகர்ந்தவர் யாரும் விழவில்லை. ஒரே இடத்தில் நின்று காலணிக்கு மெருகு போடவைத்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் தெளிவாகப் பதிந்தார். அதே வித்தையை இன்று இரண்டு விதமாகச் செய்யலாம்.

பத்து நிறுத்த அடர்கண்ணாடி வடிகட்டியை (என்.டி. ஃபில்டர்) போட்டால் விநாடியில் அறுபதில் ஒரு பங்கு சுமார் 17 விநாடியாக நீளும். நடப்பவர்கள் கரைந்துபோவார்கள். இதற்கு ட்ரைபாட் அவசியம்.

அதைவிட எனக்குப் பிடித்தது அடுக்கு முறை. ஒரே இடத்தில் இருந்து, ஒளியளவையும் குவியத்தையும் மாற்றாமல், சில விநாடி இடைவெளியில் பதினைந்து இருபது படம் எடுங்கள். ஃபோட்டோஷாப்பில் எல்லாவற்றையும் லேயர்களாக ஏற்றி, சரிசெய்து அடுக்கி, ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி, அடுக்கு முறையை 'மீடியன்' என்று வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் எல்லாப் படங்களின் நடு மதிப்பை மட்டும் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். பாதிக்கு மேற்பட்ட படங்களில் ஓரிடம் காலியாக இருந்தால் முடிவிலும் காலியாக இருக்கும். நொய்ஸும் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான மணல்) குறையும். முக்கியமாக, ஆட்களின் இடத்தில் வருவது உண்மையான தரை, உண்மையான படிக்கட்டு. செயற்கை நுண்ணறிவு கற்பனை செய்தது அல்ல. படியில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுபவர் மட்டும் டாகேரின் ஆளைப்போல் அப்படியே இருப்பார்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்று. எல்லோரையும் நீக்க வேண்டுமா என்ன? வாசலடியில் ஒரே ஒருவரை விட்டுவையுங்கள். 157 மீட்டர் என்பது அப்போதுதான் கண்ணுக்குப் புரியும்.

படி 6: நிமிர்த்துவது

திருத்தத்தின் வரிசை முக்கியம். முதலில் லென்ஸ் குறைதீர்ப்பு, பிறகு செங்குத்து, பிறகு வெட்டு, அதன்பின்தான் ஒளியும் நிறமும். லென்ஸால் வளைந்த கோட்டை வைத்துச் செங்குத்து பார்த்தால் இரண்டுமே கெடும்.

லைட்ரூமில் 'டிரான்ஸ்ஃபார்ம்' பகுதிக்குள் 'ஆட்டோ' இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். 'கைடட்' எடுத்து, கட்டடத்தின் இரண்டு செங்குத்து விளிம்புகளில் நீங்களே கோடு போடுங்கள். காசில்லாமல் செய்ய டார்க்டேபிளில் சுழற்சி–பார்வைக்கோணத் தொகுதி உண்டு, கைப்பேசியில் ஸ்னாப்சீடின் 'பெர்ஸ்பெக்டிவ்' உண்டு.

கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோதிக் கோபுரம் மேலே போகப்போக உண்மையிலேயே ஒடுங்குகிறது. ஒவ்வொரு அடுக்கும் உள்வாங்கித்தான் எழும். வெளிவிளிம்பில் அடியிலிருந்து உச்சிவரை கோடு இழுத்தால், கல்தச்சர் வேண்டுமென்றே ஒடுக்கியதை நீங்கள் விரித்துவிடுவீர்கள். கோபுரம் தலைகனத்துப் போகும். ஒரே அடுக்குக்குள் இருக்கும் நெடுஞ்சன்னலின் பக்கச் சட்டங்களில் கோடு போடுங்கள். ஏதென்ஸின் பார்த்தினனில் தூண்களே உட்பக்கம் மெல்லச் சாய்வாகத்தான் நிறுத்தப்பட்டிருக்கின்றன, அடித்தளம் நடுவில் மெல்ல உப்பியிருக்கிறது. 'வளைந்திருக்கிறதே' என்று நேராக்கினால் கேமராவுக்கு அல்ல, அந்தச் சிற்பிகளுக்குத் திருத்தம் சொல்கிறீர்கள். பீசா கோபுரத்தை மென்பொருள் தானாக நிமிர்த்திக் காட்டும் வேடிக்கையும் நடக்கும். 1990இல் மூடி, அடிமண்ணைக் கவனமாக அகழ்ந்து, 2001இல் திறந்தபோதுகூடப் பொறியாளர்கள் அதை முழுக்க நிமிர்த்தவில்லை, சுமார் 4 பாகைச் சாய்வை விட்டுவைத்தார்கள். அங்கே கோடு போட வேண்டியது பக்கத்துக் கட்டடத்தில்.

நூற்றுக்கு நூறு நிமிர்த்தாதீர்கள். அண்ணாந்து பார்த்தால் கோடுகள் கொஞ்சம் கூடும் என்று நம் கண்ணுக்குப் பழக்கம். கிட்டத்திலிருந்து எடுத்ததை முழுக்க இணையாக்கினால் மேல்பகுதி நம்மீது கவிழ்வதுபோல் இருக்கும். எண்பது, தொண்ணூறு சதவீதத்தில் நிறுத்துங்கள். அடுத்து, உயர அகல விகிதத்தை மாற்றும் 'ஆஸ்பெக்ட்' ஸ்லைடர். நிமிர்த்தும்போது கட்டடம் குட்டையாகியோ நீண்டோ போயிருக்கும். கொலோன் முகப்பின் அகலம் சுமார் 61 மீட்டர், உயரம் 157. கூர்முனைகள் முகப்பைவிட உள்ளே தள்ளி நிற்பதால் படத்தில் உயரம் அகலத்தின் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக வரலாம். ஒன்றரை மடங்காக வந்தால் அது கொலோன் அல்ல.

படி 7: கல்லின் நிறம்

கட்டடப் படங்கள் அதிகம் சாவது இந்தப் படியில். விவரத்தைத் தூக்கிக்காட்டும் 'கிளாரிட்டி', 'டெக்ஸ்சர்' இரண்டையும் கடைசிவரை தள்ளி, நிழலை முழுக்கத் தூக்கி, வெளிச்சத்தை முழுக்க இறக்கினால் சுவரின் விளிம்பைச் சுற்றி வானத்தில் ஒரு வெள்ளை வளையம் படரும். எந்த மாடத்திலும் இருட்டே இருக்காது. கோதிக் கட்டடம் இருட்டை வைத்துக் கட்டப்பட்டது. ஆழமாகக் குடைந்த வாசலில் நிழல் விழ வேண்டும் என்றுதான் குடைந்தார்கள். நிழலில் கொஞ்சம் விவரம் தெரிந்தால் போதும்.

கொலோன் சுவரில் உற்றுப் பார்த்தால் ஒரு கல் சாம்பல், ஒன்று மஞ்சள் கலந்தது, ஒன்று கறுப்பு. இடைக்காலத்தில் ட்ராகென்ஃபெல்ஸ் குன்றின் எரிமலைக் கல், பிற்காலத்தில் வெவ்வேறு இடத்து மணற்கற்கள் என மாறி மாறி வந்தன. கட்டத் தொடங்கியது 1248, முடித்தது 1880. அந்தத் திட்டுகள் இந்த 632 வருடத்தின் கணக்கு. மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து திருத்தும் மறைப்பு) போட்டு ஒரே நிறமாக்கினால் கணக்கு அழியும். டிரெஸ்டனின் ஃபிரவ்வன்கிர்ஷெயில் இது இன்னும் கூர்மை. குண்டுவீச்சில் சிதைந்து 2005இல் திரும்ப எழுந்த அந்தத் தேவாலயத்தில் வெளிர் சுவருக்கிடையே தெரியும் கறுப்புக் கற்கள் இடிபாட்டிலிருந்து எடுத்துவைத்தவை. 'அழுக்கு' என்று அதைச் சுத்தம் செய்த படங்களையும் பார்க்க நேர்கிறது.

அந்திப் படத்தில் விளக்கின் மஞ்சளும் வானத்தின் நீலமும் மோதும். ஒரே வெள்ளைச் சமநிலையால் இரண்டையும் திருப்திப்படுத்த முடியாது. வானத்துக்கு ஒரு மாஸ்க், கட்டடத்துக்கு ஒரு மாஸ்க் போட்டுத் தனித்தனியாக வையுங்கள். கல்லின் மஞ்சளை முழுக்க எடுக்காமல் பாதியாகக் குறைப்பது என் வழக்கம். முழுக்க எடுத்தால் இரவு பகலாகிவிடுகிறது.

படி 8: ஒட்டுவது

அகல லென்ஸ் இல்லையா? நெடுக்காகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றின்மேல் ஒன்று வருமாறு வரிசையாக எடுத்து ஒட்டுங்கள். ஒளியளவு, குவியம், வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டிவிட்டு எடுங்கள். லைட்ரூம் தானே ஒட்டும். இலவசமான ஹ்யூஜின் இன்னும் நல்லது. அதில் செங்குத்துக் கோடுகளை நாமே குறிக்கலாம், ஒட்டும்போதே கோபுரம் நிமிர்ந்துவிடும்.

இதை நவீன ஏமாற்று என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு எத்வார் பால்துஸை அறிமுகப்படுத்துங்கள். 1851இல் பிரெஞ்சு அரசு நினைவுச்சின்னங்களைப் பதிவுசெய்ய ஐந்து பேரை அனுப்பியது. அவர்களில் ஒருவரான பால்துஸ், ஆர்ல் நகரின் சன் ட்ரொஃபீம் மடத்து உள்முற்றத்தை ஒரே படத்தில் அடக்க முடியாமல் பத்தையொட்டிய காகித நெகட்டிவ்களைக் கத்தரித்து ஒட்டினார். அரசாங்க ஆவணமே ஒட்டுப்படம்தான். மறுபக்கம், இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்தின் தேய்ந்த படிக்கட்டை 1903இல் எடுத்த ஒளிப்படக்காரர் ஃபிரெடெரிக் எவன்ஸ் நெகட்டிவில் கைவைப்பதையே ஏற்காதவர். சரியான நேரத்து வெளிச்சத்துக்காகக் காத்திருப்பதே அவர் செய்த திருத்தம். இரண்டு போக்குகளுக்கும் வயது நூறைத் தாண்டிவிட்டது.

படி 9: சாரம், கம்பி, கிரேன்

மின்கம்பி, போக்குவரத்துப் பலகை, குப்பைத்தொட்டி எல்லாம் குறுக்கே வந்தவை. தாராளமாக நீக்குங்கள். குளோன் கருவியில் எப்போதும் அதே கட்டடத்தின் அதே வரிசைக் கல்லிலிருந்து எடுத்துப் பூசுங்கள்.

சாரம் வேறு விஷயம். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று படத்துக்குத் தெரியாது. செயற்கை நுண்ணறிவால் நிரப்பும் 'ஜெனரேட்டிவ் ஃபில்' அழுத்தினால் தெரிந்ததுபோல் ஏதாவது வரைந்துவிடும். தூரத்தில் அழகாக இருக்கும். பெரிதாக்கிப் பாருங்கள், கல்லில் செதுக்கிய இலைக்கொத்து பாதியில் கரைந்திருக்கும், சிலைக்கு முகம் இருக்காது, சன்னலின் கல் பின்னல் எங்கும் போய்ச் சேராது. சாரத்தை நீக்கியே ஆக வேண்டுமானால் மறுபக்கத்தில் அதே பகுதி சமச்சீராக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை நகலெடுத்து இடவலம் திருப்பி ஒட்டி, நிழலின் திசையைச் சரிசெய்யுங்கள். நிழல் இடமிருந்து விழும் சுவரில் ஒரு துண்டு மட்டும் வலமிருந்து விழுந்தால் குழந்தையும் கண்டுபிடிக்கும்.

கிரேனை நீக்குமுன் ஒரு சங்கதி. பதினாறாம் நூற்றாண்டில் கொலோனில் வேலை நின்றபோது முடியாத தெற்குக் கோபுரத்தின்மேல் ஒரு மரக் கிரேன் அப்படியே நின்றுபோனது. 1868 வரை அதை இறக்கவில்லை. முந்நூறு வருடத்துக்கும் மேல் அதுதான் நகரத்தின் அடையாளம், பழைய ஓவியங்களில் ஊரைக் கண்டுகொள்வதே அதை வைத்துத்தான். இரண்டாம் உலகப்போரிலும் ஒன்று நடந்தது. 1943இல் வடக்குக் கோபுரத்தின் அடித்தூண் சேதமானபோது அவசரத்துக்குச் செங்கல் வைத்து அடைத்தார்கள். பல பத்தாண்டுகள் அந்தச் செங்கல் ஒட்டு போரின் வடுவாகத் தெரிந்தது, 2005இல் மணற்கல் வைத்து மூடினார்கள். கட்டடமே தன்னைத் திருத்திக்கொண்டது. அதனால் 2005க்கு முன் எடுத்த பழைய படத்தை ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்கள் அந்தச் செங்கலைத் தயவுசெய்து அழிக்காதீர்கள்.

படி 10: வானத்தை மாற்றுவது

இதுவும் புதிதல்ல. பழைய நெகட்டிவ்கள் நீல ஒளியில் அதிகம் பதியும் என்பதால் வானம் எப்போதும் வெளுத்துப்போகும். 1850களில் பிரெஞ்சு ஒளிப்படக்காரர் குஸ்தாவ் ல க்ரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து ஒன்றாக அச்சிட்டார்.

மாற்றுவதானால் சூரியன் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். மேகமூட்டத்தில் எடுத்த நிழலற்ற முகப்புக்குப் பின்னால் செக்கச்சிவந்த அந்திவானத்தை மாட்டினால் அது நாடகத் திரை. அதே ஊரில், அதே நாளில், அதே திசையில் நீங்களே எடுத்த வானம்தான் சிறந்தது. ஆறு சட்டத்தில் இருந்தால் தண்ணீரிலும் அந்த வானம் தெரிய வேண்டும், சன்னல் கண்ணாடியிலும். கொலோனின் கூர்முனைகள் கெட்டிக் கூரைகள் அல்ல, வானம் தெரியும் கல் பின்னல்கள். தானியங்கித் தேர்வு அந்தச் சிறு ஓட்டைகளை விட்டுவிடும். வெளியே நீல வானம், பின்னலுக்குள் பழைய வெள்ளை வானம் என்று அசிங்கமாக நிற்கும். நீலச் சேனலை (படத்தின் நீல நிறத் தகவலை மட்டும்) நகலெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி அதையே மாஸ்க்காக்கினால் ஓட்டைகள் தானாகத் தேர்வாகும்.

படி 11: கற்பனைக்கு இறங்கினால்

இதுவரை சொன்ன கட்டுப்பாடு எல்லாம் 'இது கொலோன்' என்று சொல்லும் படத்துக்கு. கட்டடத்தை வைத்து விளையாட வேண்டுமென்றால் ஐரோப்பாவிலேயே அதற்கு ஒரு மரபு உண்டு: காப்ரிச்சோ, அதாவது கற்பனைக் கட்டடக் காட்சி. பதினெட்டாம் நூற்றாண்டில் ஓவியர் கனலெத்தோ வெனிஸின் கால்வாயை வரைந்து, ரியால்தோ பாலம் இருந்த இடத்தில் கட்டடக்கலைஞர் பல்லாதியோ வடிவமைத்தும் கட்டப்படாத பாலத்தை வைத்தார். கரையில் விசென்சா ஊரின் கட்டடங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். பார்த்தவர்களுக்கு அது விளையாட்டு என்று தெரியும்.

அதே வழியில் கொலோனை 1840இல் இருந்ததுபோல் கோபுரங்கள் முடியாமல், கிரேனோடு அமைத்துப் பாருங்கள். பழைய அச்சுப்படங்கள் துணைக்கு இருக்கின்றன. இன்றைய படத்தை எடுத்த கோணத்தில் பழைய படத்தின் அடிவானத்தையும் கிழக்கு முனையையும் பொருத்தி, ஒவ்வொரு அடுக்காக மறைத்து வாருங்கள். நல்ல பயிற்சி, கட்டடத்தின் கட்டுமான வரிசையும் கையில் ஏறும். படத்தின் கீழே 'புனைவு' என்று ஒரு சொல் போட்டுவிடுங்கள். இப்போது ஒரு படம் இணையத்தில் நாலு கை மாறினால் ஆதாரமாகிவிடுகிறது. ஓவியமே ஆதாரமானதும் உண்டு: போரில் தரைமட்டமான வார்சாவின் பழைய நகரத்தைத் திரும்பக் கட்டியவர்கள் துணைக்கு வைத்துக்கொண்டவற்றில் கனலெத்தோவின் சகோதரி மகன் பெலொத்தோ வரைந்த ஓவியங்களும் அடக்கம்.

படி 12: வெளியிடும் முன் சட்டம்

சொந்த ஆல்பத்துக்கு எடுப்பவருக்கு இதில் கவலை குறைவு. விற்பவர், விளம்பரத்துக்குத் தருபவர் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் கட்டடக்கலைஞர் இறந்து 70 ஆண்டு வரை அவர் படைப்புக்குக் காப்புரிமை உண்டு. கொலோன் பேராலயத்தின் வெளிப்புறத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. உள்ளே இருக்கும் ரிக்டர் சன்னலுக்கு உண்டு. ஜெர்மன் சட்டம் பொது வழியிலிருந்து தெரியும் வெளித்தோற்றத்தைப் படமெடுத்து விற்கவும் அனுமதிக்கிறது, உள்புறத்துக்கு அந்தச் சலுகை இல்லை. பொது வழி என்றால் பொது வழிதான். வியன்னாவின் ஹுண்டெர்ட்வாஸர் வீட்டை எதிர்வீட்டு மாடியிலிருந்து எடுத்த படத்துக்குச் சலுகை கிடையாது என்று 2003இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் சொன்னது. ட்ரோன் படத்துக்கும் கிடையாது என்று 2024இல் சொன்னது.

பிரான்ஸில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர்களுக்கு, வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் இடம் தருகிறது. ஐஃபெல் கோபுரத்தைப் பகலில் எடுத்தால் தடையில்லை. இரவு ஒளியமைப்புக்குத் தனி உரிமை கோரப்படுவதால் வணிகத்துக்கு அனுமதி கேட்க வேண்டும். இத்தாலியில் அரசின் பாதுகாப்பில் உள்ள பழம்பெரும் கட்டடங்களின் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த, 2004ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின்படி அனுமதியும் கட்டணமும் தேவை.

சேமிக்கும்போது ரா ஃபைலை அழிக்காதீர்கள். லேயர்களோடு ஒரு டிஃப், இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஒரு ஜேபெக். கூர்மையாக்குவதைக் கடைசி அளவுக்குச் சுருக்கிய பிறகு செய்யுங்கள், முன்பே செய்தால் ஓட்டுக்கூரை வரிசைகளிலும் கல் பின்னலிலும் அலையலையாகக் கோடு வரும். படக்குறிப்பில் இடம், மாதம், ஆண்டு, செய்த மாற்றம் நான்கும் இருக்கட்டும்: 'கொலோன் பேராலயம், மேற்கு முகப்பு, கூட்டம் நீக்க 18 படங்களின் அடுக்கு, வானம் அசல், வடக்குக் கோபுரத்தின் சாரம் அப்படியே விடப்பட்டது.'